பழகிவிடும் என்று சொன்னேன்

“அண்ணா, ரொம்பக் கெட்டியா இருக்கு” என்றான் அந்தப் பையன். “பழகிடும் தம்பி” என்றேன் நான்.

அவ்வளவுதான் பேச்சு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவன்; அலாரம் அடித்த வீட்டுக்கு ஆள் அனுப்பும் காவல் நிறுவனத்தில் வேலை. வீட்டில் ஆயா பேசிக் கேட்ட தமிழைத் தேடித்தேடி எடுத்து, நான் கோயம்புத்தூர்க்காரன் என்பதற்காகவே என்னிடம் தமிழில் பேசினான். பயிற்சி நாளில், நான் செய்துகொடுத்த லைட்டை அடியில் மாட்டிய பிஸ்டலைக் கையில் பிடித்து, நடுவிரலால் லைட்டின் சுவிட்சை இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னான். நான் வேறு ஒருவருடைய லைட்டில் திருகு முடுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேனா என்பதுகூட இப்போது நினைவில்லை.

அந்தச் சுவிட்சைக் கெட்டியாக்கியது நான்தான். முதலில் கொடுத்த லைட்டுகளில் 11 நியூட்டன் விசையில் அழுத்தினாலே போதும், எரியும். காரில் ஏறி இறங்கும்போது துப்பாக்கி உறைக்குள்ளேயே எரிகிறது என்று புகார் வந்தது. சிஆர்123 பேட்டரி இரண்டும் முழு வெளிச்சத்தில் ஒன்றரை மணி நேரம்தான் தாங்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடித்து ஆள் ஓடும்போது லைட் செத்துக் கிடந்தால் என்ன பயன்? அதனால் ஸ்பிரிங்கை மாற்றி 17 நியூட்டனுக்குக் கொண்டுபோனேன். புகார் நின்றுவிட்டது. வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

இந்தத் தொழிலில் எனக்குச் சந்தேகமே வராத இடம் மவுண்ட்தான், லைட்டைத் துப்பாக்கியோடு பிடித்துவைக்கும் பாகம். துப்பாக்கியில் லைட் மாட்டும் பட்டையான ரெயிலின் பள்ளம் 5.23 மில்லிமீட்டர், பள்ளத்துக்குப் பள்ளம் 10.01 மில்லிமீட்டர் என்று 1995இலேயே அமெரிக்க ராணுவம் அளவு எழுதிவைத்துவிட்டது. மவுண்டின் குறுக்குச் சட்டம் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்தால் சுடும்போது வரும் உதையை அது வாங்கிக்கொள்ளும். பக்கத்துத் திருகு இறுக்கிப் பிடித்தால் மட்டும் போதும். அலுமினியத்துக்குக் கெட்டியான அனோடைசிங் மேல்பூச்சு, திருகு தளராமலிருக்க நீலப் பசை. எல்லாவற்றையும் அளக்கலாம், சரிபார்க்கலாம், கையெழுத்துப் போடலாம். கையை அப்படி அளக்க முடியவில்லை. பயந்துபோன கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

2023இல் லோட் ஷெடிங் என்ற மின்வெட்டு மோசமாக இருந்த ஒரு ராத்திரி. அலாரம் அடித்த வீட்டுக்குப் பின்பக்கமாக அந்தப் பையன் போயிருக்கிறான். தெருவே இருட்டு. ஏதோ அசைந்திருக்கிறது. அது அந்த வீட்டு நாய் என்று பிறகுதான் தெரிந்தது. லைட்டைப் போட அழுத்தினான், துப்பாக்கி வெடித்தது. குண்டு சிமெண்ட் தரையில் பட்டுச் சுவரில் தெறித்திருக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாய்க்கும் ஒன்றும் இல்லை. “லைட்டைத்தான் போட்டேன்” என்று விசாரணையில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான்.

அந்தத் துப்பாக்கியை லைட்டோடு என்னிடம் அனுப்பினார்கள். கேள்வி ஒன்றே ஒன்று: சுவிட்சில் பழுது உண்டா? அளந்தேன். 17.2 நியூட்டன். வரைபடத்தில் நான் எழுதியிருந்தது 16 முதல் 18 வரை. “சுவிட்ச் வரைபடத்தில் உள்ளபடி இயங்குகிறது, பழுது இல்லை” என்று எழுதி அனுப்பினேன். அடுத்த வாரம் அவனை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

நான் எழுதியதில் பொய் இல்லை. இதை எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். சுடப் போகிறோம் என்று முடிவு செய்யும்வரை விரல் டிரிகர் வளையத்துக்குள் போகக்கூடாது என்பது துப்பாக்கி பிடிக்கும் எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது. அவன் ஆட்காட்டி விரல் வெளியே இருந்திருந்தால் நடுவிரல் எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றும் ஆகியிருக்காது. விரல் உள்ளே போனது அவன் தவறு. இதுவரை என் கணக்கு சரி.

ஆனால் அந்தச் சுவிட்ச் இருக்கும் இடம் டிரிகர் வளையத்துக்குச் சற்றுக் கீழே, பிடியின் முன்பக்கத்தில். நடுவிரல் அழுத்தும்போது பக்கத்து விரல் சும்மா இருப்பதில்லை, சேர்ந்து இழுபடும். இதை நீங்களே கையை மூடிப் பார்க்கலாம். பயம் வந்தால் மொத்தக் கையும் ஒன்றாக இறுகும். எவ்வளவு பலமாக அழுத்த வேண்டியிருக்கிறதோ அவ்வளவுக்குப் பக்கத்து விரலும் இறுகும். பிஸ்டலின் டிரிகருக்கு வேண்டியது சுமார் 25 நியூட்டன். நான் சுவிட்சை 11இலிருந்து 17க்கு ஏற்றியபோது உறையை நினைத்தேன், பேட்டரியை நினைத்தேன், கையை நினைக்கவில்லை.

தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. 2010இல் டெக்ஸாஸ் மாநிலத்துப் பிளேனோ நகரில் ஒரு போலீஸ்காரர் இதே மாதிரிச் சுவிட்சை அழுத்தப்போய் ஓர் ஆளைச் சுட்டுக் கொன்றுவிட்டார். லைட்டைப் போடத்தான் அழுத்தினேன் என்றார் அவரும். இந்த வேலையை எடுக்கும் முன்பே அதைப் படித்திருந்தேன். படித்ததால்தான் முதலில் கட்டைவிரலால் தள்ளும் சுவிட்சை வரைந்து காட்டினேன். அந்தக் காவல் நிறுவனத்தில் பயிற்சி தரும் அங்கிள் ஒத்துக்கொள்ளவில்லை. “தம்பி, என் பசங்களுக்கு ஒரு கையில ரேடியோ, இன்னொரு கையில கேட். புடிச்சா எரியணும், அவ்வளவுதான்” என்றார். இருபது வருஷம் ராத்திரி ரோந்து போனவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இன்னொரு முறை வாதாடியிருக்கலாம். ஆர்டர் போய்விடுமோ என்ற பயம் அன்று இருந்ததா என்று யோசிக்கிறேன். கொஞ்சம் இருந்தது.

துப்பாக்கியில் மாட்டிய லைட்டால் எதைப் பார்க்கிறோமோ அதை நோக்கிக் குழலும் திரும்பியிருக்கிறது என்பது இன்னொரு விஷயம். இந்த நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. 2004இல் ஸ்பிரிங்போக் என்ற தென்னாப்பிரிக்கத் தேசிய அணியின் முன்னாள் ரக்பி வீரர் ஒருவர், கார் திருடன் என்று நினைத்துத் தன் மகளையே சுட்டுவிட்டார். அதனால்தான் நான் நடுக் கதிரை மட்டும் கூர்மையாக்காமல் சுற்றிலும் வெளிச்சம் பரவும் லென்ஸ் போட்டேன். குழலைத் தரையைப் பார்க்கப் பிடித்தாலும் எதிரே நிற்பவர் முகம் தெரியும். அன்று குண்டு தரையில் பட்டதென்றால் அவன் குழலைக் கீழேதான் பிடித்திருந்தான். பயிற்சியில் சொன்ன அந்த ஒன்றை அவன் சரியாகச் செய்திருக்கிறான். இதை என் அறிக்கையில் எழுதியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

அங்கிளுக்குப் போன் செய்தேன். அவனை மறுபடி சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். “நீதானே பழுது இல்லன்னு எழுதுன?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். சுவிட்ச் கெட்டி என்று அவன் முன்பே என்னிடம் சொன்னதை அப்போது சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “எங்கிட்டயும் சொன்னான். பழகிடும்னுதான் நானும் சொன்னேன்” என்றார்.

ஒரு வார்த்தையை இரண்டு பேர் சொன்னால் பாரம் பாதியாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

இங்கே துப்பாக்கி வைத்திருக்க 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி தகுதிச் சான்றிதழ் வேண்டும், உரிமம் வேண்டும். அதன் அடியில் மாட்டும் லைட்டுக்கு எதுவும் வேண்டாம். அப்படியானால் யோசிக்க வேண்டியவன் நான்தானா, அல்லது துப்பாக்கியைக் கையில் கொடுப்பவர்களா? சில நாள் ஒரு பதில் சரியாகத் தெரிகிறது, சில நாள் இன்னொன்று.

போன மாதம் வேறொரு நிறுவனத்திலிருந்து அறுபது லைட்டுக்கு விலை கேட்டார்கள். நடுவிரல் சுவிட்ச்தான் வேண்டுமாம். கட்டைவிரல் சுவிட்சின் வரைபடத்தையும், ஏன் அது நல்லது என்று ஒரு பக்கமும் எழுதி, இரண்டுக்கும் விலை போட்டு அனுப்பினேன். நேற்று பதில் வந்தது. நடுவிரல் சுவிட்சுக்கு ஐந்து சதவீதம் குறைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள்.