கிட்டியும் மசால் வடையும்

2024 டிசம்பர் 4

காலையில் தண்ணீர் பார்க்கப் போனேன். வரப்பில் நின்று பார்த்தால் நெற்பயிர் அம்சமாக இருந்தது. உள்ளே இறங்கி ஏழெட்டு வரிசை போன பிறகுதான், தாம்பாளம் அளவுக்கு ஒரு இடம் மொட்டையாகக் கிடப்பது தெரிந்தது. அதற்கப்பால் இன்னொன்று, இன்னும் கொஞ்சம் தள்ளி மூன்றாவது. எலி எப்போதும் இப்படித்தான். வரப்போரத்தை விட்டுவிட்டு நடு வயலில் வேலையைக் காட்டும். வரப்பிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு அறுவடை வரை எதுவும் தெரியாது.

ஒரு குத்தைப் பிடித்துப் பார்த்தேன். தண்ணீருக்கு மேலே நாலு விரல் உயரத்தில் ஒவ்வொரு தண்டும் சாய்வாக, அரிவாள்மணையில் சீவிய வெண்டைக்காய் மாதிரி வெட்டுப்பட்டிருந்தது. நண்டு வெட்டாக இருக்குமோ என்று பக்கத்து வயல்காரர் கேட்டார். நண்டு, நட்ட புதிதில் இளம் நாற்றை நறுக்கும். இப்போது பயிர் தொண்டைக்கதிருக்கு வருகிற நேரம். தண்டுக்குள் கதிர் உருளும்போது அந்த இடம் இனிக்கும். எலி தின்பது கொஞ்சம்தான், வெட்டிப் போடுவதுதான் அதிகம். எண்ணினேன், 37 குத்து. நிலமோ மொத்தம் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர்.

வீட்டுக்கு வந்தால் அத்தை, "பரண்ல ராத்திரி பூரா ஒரே ஓட்டம். வயக்காட்டு எலியெல்லாம் வீட்டுக்கு வந்துடுச்சு" என்கிறார்.

டிசம்பர் 6

வயலில் இருப்பதும் வீட்டில் இருப்பதும் ஒரே எலி இல்லை என்று அத்தைக்குப் புரியவைக்க முடியவில்லை. வயலில் வளை தோண்டுவது வரப்பெலி. மொண்ணை மூஞ்சி, தடித்த உடம்பு, உடம்பை விடக் குட்டையான வால். வளை வாயில் புதுமண்ணைக் குவித்து வைத்திருக்கும். பரணில் ஓடுவது வீட்டெலி. ஒடிசலான உடம்பு, பெரிய காது, உடம்பை விட நீளமான வால். அந்த வாலை வைத்து நிதானம் பிடித்துக்கொண்டுதான் கயிற்றின் மேலும் ஒயரின் மேலும் நடக்கிறது. முன்னது மண்ணுக்குள் வாழும், பின்னது உயரத்தில் வாழும். ஒன்றுக்கு வைக்கிற பொறியில் மற்றது பெரும்பாலும் விழாது.

தெரிந்து என்ன பயன்? நேற்று நானே எலிக்கூண்டை அடுப்படித் தரையில், நட்ட நடுவில், மசால் வடையோடு வைத்தேன். காலையில் வடை முழுக்க எறும்பு.

சாயங்காலம் ஏணி போட்டுப் பரணைப் பார்த்தேன். சுவரும் ஓடும் சேருகிற இடத்தில், கைமரத்தின் மேல், ஒரு விரல் அகலத்துக்குக் கரிய பிசுக்கு நீளமாகப் போகிறது. எலி தினமும் ஒரே தடத்தில், மீசை சுவரில் உரச ஓடும். உடம்பின் எண்ணெயும் அழுக்கும் படிந்து படிந்து வந்த பிசுக்கு அது. புழுக்கை அங்கேதான் கிடக்கிறது. இரண்டு முனையும் கூராக இருந்தது.

கூண்டை அந்தத் தடத்திலேயே சுவரை ஒட்டி வைத்தேன். கதவு விழாதபடி கம்பியால் கட்டிவிட்டேன். மூன்று நாள் சும்மா வந்து தின்றுவிட்டுப் போகட்டும். எலியால் வாந்தி எடுக்க முடியாது. ஒருமுறை தப்பாகத் தின்றுவிட்டால் போச்சு. அதனால் புதிதாக எதைக் கண்டாலும் சந்தேகம். நம் வீட்டுக்குப் புது மருமகள் வந்தால் அக்கம்பக்கத்தார் பார்ப்பது போலப் பார்க்கும்.

டிசம்பர் 9

மன்னார்குடி போய் உரக்கடையில் கேட்டேன். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "பேஸ்ட் வேணுமாக்கா? ஒரே நாள்ல முடிச்சிடும்" என்றார். மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட். தமிழக அரசு தடை செய்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. இன்னும் மேசைக்கு அடியில் இருக்கிறது போல. எங்கள் தெருவில் ஒரு பெண் கோபத்தில் அதைத் தின்றாள். முதல் நாள் வாந்தி, அடுத்த நாள் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டாள். தப்பித்துவிட்டாள் என்று எல்லோரும் நினைத்தோம். நான்காம் நாள் கண் மஞ்சளானது. கல்லீரல் போய்விட்டது. அவளுக்கு இருபத்திரண்டு வயது. அந்த டப்பாவை நான் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டேன்.

அடுத்து ஜிங்க் பாஸ்பைடு காட்டினார். கறுப்புத் தூள், பூண்டு நாற்றம். 96 பங்கு நொய்க்கு இரண்டு பங்கு எண்ணெய், இரண்டு பங்கு மருந்து. முதலில் இரண்டு மூன்று நாள் மருந்தில்லாத நொய்யையே வைத்துப் பழக்க வேண்டும். கொஞ்சமாகக் கொறித்து, வயிறு வலித்துப் பிழைத்துக்கொண்ட எலி அப்புறம் அந்த வாசனை பக்கமே வராது. அதே கடையில் புரோமடையலோன் கட்டியும் இருந்தது. அது ரத்தத்தை உறையவிடாது. எலி சாகச் சில நாள் ஆவதால் மற்ற எலிகளுக்குச் சந்தேகம் வராது. கேட்க நல்ல யோசனைதான். ஆனால் அந்தச் சில நாளில் மந்தமாகத் திரிகிற எலியை ஆந்தையோ பூனையோ பிடித்தால், மருந்து அதன் வயிற்றுக்குள்ளும் போகும்.

வெறும் கையோடு திரும்பினேன். வழியில் பக்கத்து வயல்காரர், "ஒரு கம்பிய இழுத்து ராத்திரி கரண்டு விட்டா போதும்" என்று ஆரம்பித்தார். மோட்டார் கொட்டகையிலிருந்து இழுப்பாராம். எலிக்கு வைத்த கம்பியில் மனுசன் விழுந்த செய்தி வருடா வருடம் பேப்பரில் வருகிறது. பல தடவை விழுவது கம்பி வைத்தவரேதான். "அண்ணே, உங்க வரப்புலதான் விடியக்காலம் நான் நடந்து வரேன்" என்றேன். பேச்சை மாற்றினார்.

டிசம்பர் 11

என் வீட்டுக்காரர் திருப்பூரிலிருந்து பஸ்ஸில் பசை அட்டை இரண்டு கொடுத்து அனுப்பியிருந்தார். அவருக்கு எதற்கும் வாங்கி அனுப்புவதுதான் தீர்வு. அரிசி டிரம் பக்கத்தில் ஒன்றை விரித்தேன். ஒட்டியது ஒரு பல்லியும் ஒரு மூஞ்சூறும்.

பல்லி வாலை விட்டும் தப்ப முடியவில்லை. மூஞ்சூறு கீச்கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. கூர் மூக்கு, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத கண், தொட்டால் கை நாள் முழுக்க நாறும். ஆனால் மூஞ்சூறு எலிச் சாதியே இல்லை, நம் மூட்டையை அது கடிப்பதும் இல்லை. கரப்பானையும் பூச்சியையும் தின்று வாழ்கிற ஜீவன். அத்தை வேறு, "பிள்ளையார் வாகனம்டி!" என்று பதறினார். பழந்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒவ்வொரு காலாக விடுவித்தேன். பல்லிக்கு இருபது நிமிடம், மூஞ்சூறுக்கு முக்கால் மணி நேரம். இரண்டாவது அட்டையைப் பிரிக்காமலே வைத்துவிட்டேன்.

டிசம்பர் 13

கார்த்திகை தீபம். நேற்றிலிருந்து மழை கொட்டுகிறது. வயலில் முழங்கால் தண்ணீர். வளைகளெல்லாம் மூழ்கி, எலி முழுக்கப் பெரிய வரப்புக்கு ஏறியிருக்கும். விளக்கு ஏற்றினோம், அணைந்தது, ஏற்றினோம்.

டிசம்பர் 17

மார்கழி இரண்டு. மழை விட்டதும் ஆந்தைக்குக் குச்சி நட்டேன். ஆறடி மூங்கில், உச்சியில் குறுக்கே ஒரு அடிக்கு ஒரு கட்டை. மூன்று மாவுக்கும் சேர்த்து எட்டு இடம். மூங்கில் தீர்ந்துபோனதால் இரண்டு இடத்தில் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டேன். அதன் அடி அகலமாக இருப்பதால் பறவை உட்கார வசதி.

அத்தைக்குப் பிடிக்கவில்லை. கூகை அலறினால் வீட்டில் சாவு விழுமாம். "வயல்லதானே அத்தை அலறப்போகுது" என்றேன். "சத்தம் வீட்டுக்கு வராதா?" என்றார். அதுவும் சரிதான்.

டிசம்பர் 28

ஒருவழியாக, வயலில் கிட்டி என்கிற எலிப்பொறி வைக்கிற கிட்டிக்காரர் வந்தார். நிலா வெளிச்சத்தில் கிட்டி வைத்தால் சரியாக விழாது, இருட்டு நாளில்தான் வருவேன் என்று சொல்லியிருந்தார். நாளன்றைக்கு அமாவாசை.

வந்ததும் வயலைச் சுற்றி ஒரு நடை போனார். அப்புறம் எனக்கு ஒரு திட்டு. "நட்ட முப்பது நாப்பது நாள்லயே கூப்புட்டிருக்கணும் தங்கச்சி. இப்ப கதிரு வந்துடுச்சு. அதுக்கு வயலே விருந்து, என் தீனிய எதுக்குத் தேடி வரப்போவுது?" வரப்பையும் குறை சொன்னார். எங்கள் வடக்கு வரப்பு வண்டி போகிற அகலம். அகல வரப்பு, எலிக்கு நாமே கட்டிக் கொடுக்கிற மாடி வீடு. ஒன்றரை அடிக்கு மேல் வேண்டவே வேண்டாம் என்கிறார்.

தஞ்சாவூர்க் கிட்டி என்று பெயர்தான் பெரிது. பார்த்தால் குழந்தைகள் விளையாட்டு வில் மாதிரி இருக்கிறது. வளைத்த மூங்கில் சிம்பு, முறுக்கிய கயிறு, தீனி தாங்குகிற ஒரு சின்னக் குச்சி. எலி தீனியை இழுத்தால் குச்சி நழுவும், வில் கழுத்தில் அடிக்கும். தீனி அவரே கலந்தார். வறுத்த நெல்லை இடித்து, கருவாட்டுத் தூள் சேர்த்து, கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பிசைந்தார். சோப்புப் போட்டுக் கை கழுவாதே, வாசனை ஒட்டும் என்று எனக்கும் உத்தரவு. இருட்டுவதற்குள் அறுபது கிட்டி வைத்துவிட்டார். குனிந்தபடியே ஓட்டமாக நடந்து, ஓரிடத்தில் அரை நிமிடம் கூட நிற்கவில்லை. எங்கே வைப்பது என்று யோசிக்கிற மாதிரியே தெரியவில்லை. மண்ணில் எலி நடந்த தடம் எனக்கு அவர் விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் கண்ணில் பட்டது.

பேச்சு, எலிக்கு ஐம்பது ரூபாய். விழாத கிட்டிக்குக் காசு இல்லை.

டிசம்பர் 31

முதல் ராத்திரி 19, இரண்டாவது 8, நேற்று 3. வாலை எண்ணிக் காசு கொடுத்தேன், 1,500 ரூபாய். செத்த எலியைக் கையால் தொடாதே என்று நான் சொல்லப்போய் அவர் சிரித்தார். அவருக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். ஆனாலும் காலில் வெட்டுக்காயத்தோடு எலி மூத்திரம் கலந்த சேற்றில் நின்றால் எலிக்காய்ச்சல் வரும் என்பது வெறும் பயமுறுத்தல் இல்லை. நான் பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டுதான் பொறுக்கினேன். எல்லாவற்றையும் குழி வெட்டிப் புதைத்தோம்.

போகும் முன் வடக்கு வரப்பில் ஒரு வளையை வெட்டிக் காட்டினார். மண்வெட்டி போடுவதற்கு முன்னால், தள்ளி இருந்த ஒரு இடத்தைக் காலால் மிதித்துக்கொண்டார். பொலபொலவென்று மண் மூடியிருந்த அவசர வழி அது. துரத்தினால் எலி அந்த மூடியை முட்டிக்கொண்டு வெளியே பாயுமாம். முழங்கை ஆழத்தில் ஒரு அறை. உள்ளே கதிர்கள் எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்து அடுக்கியிருந்தன. களத்தில் நாங்கள் கூட இப்படி அடுக்குவதில்லை. அரை மரக்கால் தேறும். பக்கத்து அறையில் வைக்கோலைச் சன்னமாகக் கிழித்த மெத்தை, அதில் கண் திறக்காத ஏழு குட்டி, பச்சை இறைச்சி நிறத்தில். மூன்று வாரம் சுமந்து பெறுகிறது, சீக்கிரமே அடுத்த ஈற்றுக்கு ஆயத்தமாகிவிடுகிறது.

குட்டிகளை அவர் பார்த்துக்கொண்டார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

2025 ஜனவரி 5

பரண் கூண்டில் இதுவரை நான்கு. நான்குமே வீட்டெலி. வடையைக் கைவிட்டுவிட்டேன். தேங்காய்ச் சில்லை அனலில் வாட்டி, கொக்கியில் நூலால் இறுக்கிக் கட்டினால் எலி அதை இழுத்தே ஆகவேண்டும். செருகி மட்டும் வைத்தால் கதவு விழாமலே எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. வடையில் பிரச்சினை, இழுத்தால் உடைவது.

ஆனால் பிடித்துக்கொண்டே இருந்தால் போதாது. எங்கே ஏறுகிறது என்று இன்றுதான் கண்டுபிடித்தேன். கொல்லை முருங்கையின் ஒரு கிளை ஓட்டின் மேல் படுத்திருக்கிறது. அதை வெட்டினேன். சுவர் இடுக்குகளில் கண்ணாடிச் சில்லைக் கலந்து சிமெண்டு பூசினேன். கட்டைவிரல் நுழைகிற சந்து எலிக்குப் போதும், சுண்டுவிரல் நுழைந்தால் சுண்டெலிக்குப் போதும். ஓட்டுக்குக் கீழே அரைக்கால் அடிச் சந்தில் கம்பி வலையைச் சுருட்டி அடைத்தேன். குரும்பையை ஓட்டை போடுகிற தென்னைக்கு ஆள் உயரத்துக்கு மேலே ஒன்றேகால் அடி தகரம் சுற்றியாகிவிட்டது. வழுக்குமே தவிர ஏற முடியாது.

ஜனவரி 9

கிழக்கு மூங்கில் குச்சிக்கு அடியில் கறுப்பாக, கட்டைவிரல் நீளத்துக்கு இரண்டு உருண்டை. ஏதோ புழுக்கை என்றுதான் நினைத்தேன். குச்சியால் பிரித்தால் உள்ளே சாம்பல் மயிர், ஊசி ஊசியாக எலும்பு, ஒரு முழு மண்டையோடு. முன்பல் இரண்டும் ஆரஞ்சு நிறம். கூகை எலியை விழுங்கி, செரிக்காததை உருட்டி வாய் வழியே துப்பியது. இதுவரை அதை நான் நேரில் பார்க்கவில்லை. அத்தை ஒருநாளும் அலறல் கேட்டதாகச் சொல்லவும் இல்லை. மண்டையோட்டைக் கழுவி ஜன்னலில் வைத்தேன். பக்கத்து வயல்காரர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மூங்கில் எங்கே வாங்கினாய் என்று கேட்டார்.

ஜனவரி 13

போகி. பரணை முழுக்க இறக்கினோம். மூலையில் எலிக்கூடு, காலி. பிரித்தால் அத்தையின் கூறைப்புடவை முந்தானை, என் வீட்டுக்காரரின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் கணக்குக்குக் கீழே உள்ள பாகம், ஒரு பஞ்சாங்கத்தின் ஆவணி மாதம். அத்தை முந்தானைத் துண்டை மட்டும் எடுத்து மடித்து வைத்துக்கொண்டார். மீதி போகியில் போனது.

கதிர் பழுத்துத் தலை சாய்ந்திருக்கிறது. மொட்டை இடங்கள் அப்படியேதான் நிற்கின்றன. இரண்டு மூட்டை குறையும் என்று கணக்கு போட்டிருக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கூண்டுக் கதவு டக்கென்று விழுந்தது. ஐந்து நாளாக ஒன்றும் விழவில்லையே என்று இன்று காலையில்தான் அதைப் பரணிலிருந்து இறக்கி அரிசி டிரம் பக்கத்தில் வைத்திருந்தேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். கீச்கீச். அதே மூஞ்சூறு, இல்லை அதன் உறவு. கதவைத் தூக்கிப் பிடித்தேன். வெளியே வராமல் தேங்காயை முகர்ந்துகொண்டு நின்றது. கூண்டைச் சாய்த்துத் தட்டினேன். சுவரோரமாக ஓடி ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் போய்விட்டது.