டங்ஸ்டன் பூச்சு: என் சோதனை நாட்குறிப்பு

பிப்ரவரி 4
டங்ஸ்டன் ஹெக்சாகுளோரைடு வந்துவிட்டது. கருநீலப் படிகங்கள். ஈரக்காற்று பட்டாலே அமிலப் புகை கிளம்பும் என்பதால், ஆர்கான் நிரப்பிய கையுறைப் பெட்டிக்குள்ளேயே எடை போட்டேன்.

பிப்ரவரி 6
அம்மா போனில் கேட்டாள், "அங்கே என்னதான்டா செய்றே?" சீரக மிட்டாய் என்றேன். சீரகத்தைச் சுற்றிச் சர்க்கரை ஏறுவதுபோல, அணு எரிபொருள் துகளைச் சுற்றி டங்ஸ்டன்.

அணுசக்தி ராக்கெட்டில் ஹைட்ரஜன் எரிபொருளின் ஊடாகப் பாய்ந்து ஏறக்குறைய 2,500 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும். அந்தச் சூட்டில் எரிபொருளான யுரேனியம் டை ஆக்சைடு ஆக்சிஜனை இழக்கும். ஆறும்போது யுரேனியம் தனியே பிரியும். அதோடு ஹைட்ரஜன் சேர்ந்தால் எரிபொருள் உப்பி விரிசல் விடும். டங்ஸ்டன் 3,422 டிகிரியில்தான் உருகும். அதனால் ஒவ்வொரு துகளுக்கும் முழுச்சட்டை வேண்டும். ஓர் ஊசித்துளை போதும், சட்டை வீண்.

பிப்ரவரி 11
முதல் ஓட்டம். யுரேனியம் இல்லை, அதற்குப் பதில் 200 மைக்ரான், அதாவது 0.2 மில்லிமீட்டர், சிர்கோனியா என்ற வெள்ளைப் பீங்கான் மணிகள். சூடான குழாயில் கீழிருந்து வாயு ஏற, மணிகள் உலைநீர் போலக் கொதித்தன. குளோரைடு ஆவியும் ஹைட்ரஜனும் சேர்ந்தால் டங்ஸ்டன் மணிமேல் படியும், ஹைட்ரஜன் குளோரைடு வெளியே போகும். கடைசி அரைமணியில் கொதிப்பு அடங்கிவிட்டது.

பிப்ரவரி 13
பிசினில் பதித்து, அறுத்து, மெருகேற்றிப் பார்த்தேன். வெள்ளை மணியைச் சுற்றிச் சாம்பல் வளையம், அவ்வளவு அழகு! ஆனால் அடியில் கிடந்தவை இரண்டிரண்டாக ஒட்டியிருந்தன. ஒட்டிய இடத்தில் பூச்சே இல்லை.

இரவு முழுக்கக் கணக்குதான். மொத்தக் கன அளவில் 40 சதவீதம் டங்ஸ்டன் என்றால் பூச்சின் தடிமன் சுமார் 19 மைக்ரான். கேட்க ஒன்றுமில்லை. ஆனால் மணியின் எடை மும்மடங்குக்கு மேல்! நான் வாயுவை ஒரே அளவில் விட்டிருக்கிறேன். பாவம், மணிகள் எப்படி மிதக்கும்?

பிப்ரவரி 20
இந்தமுறை பத்து நிமிடத்துக்கு ஒருதரம் வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். கண்ணை எடுக்கவில்லை, சாப்பிடவும் போகவில்லை. கடைசிவரை கொதித்தது.

பிப்ரவரி 22
அறுத்துப் பார்த்த அறுபது மணிகளிலும் வளையம் முழுசாக இருக்கிறது. யுரேனியம் ஆக்சைடு சிர்கோனியாவைவிட ஏறக்குறைய இரு மடங்கு கனம். அதற்கு வாயுக் கணக்கை மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். நாளை ஞாயிறுதான், இருந்தாலும் வருவேன்.