சனிக்கிழமை காலை ஜஹ்னூன்

இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிலையத்துக்கு ஆராய்ச்சிக்காக வரும் தமிழர்கள், அது இருக்கும் ரெஹோவோத் ஊரில் குடியேறுகிறோம். ஆய்வகம் சீக்கிரம் பழகிவிடும். இந்த ஊரின் வாரம் பழகத்தான் நாளாகும். ஞாயிறு வேலை நாள். வெள்ளி மதியமே கடைகளை மூடத் தொடங்குவார்கள். அன்று சாயங்காலத்திலிருந்து சனி இருட்டும்வரை அநேகமாக பஸ்ஸும் கிடையாது. அதுதான் ஷப்பாத், யூதர்களின் வார ஓய்வு நாள். அதை எனக்குப் புரியவைத்தது ஜஹ்னூன் என்ற சாப்பாடு.

மைதா மாவைப் பரோட்டாவுக்கு இழுப்பதுபோல மெல்லிசாக இழுத்து, வெண்ணெயோ மார்ஜரினோ தடவி, மடித்து, குழல்களாகச் சுருட்டுகிறார்கள். இதுவரை நமக்குத் தெரிந்த வேலைதான். ஆனால் கல்லில் போடுவதில்லை. மூடி இறுக்கமான பாத்திரத்தில் அடுக்கி, முட்டைகளை ஓட்டோடு மேலே வைத்து, வெள்ளி சூரியன் மறைவதற்குள் மிகக் குறைந்த சூட்டில் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். காலையில் திறந்தால் சுருள்கள் பழுப்பேறி, லேசாக இனிக்கின்றன. முட்டையின் வெள்ளைக்கருகூட காப்பி நிறத்தில் இருக்கிறது. தொட்டுக்கொள்ளத் துருவிய தக்காளியும், ஸ்ஹூக் என்ற பச்சை மிளகாய்த் துவையலும்.

யூதச் சமயச் சட்டம் ஷப்பாத்தில் 39 வகை வேலைகளை விலக்குகிறது. தீ மூட்டுவது, சமைப்பது இரண்டும் அதில் அடக்கம். முந்தைய நாளே அடுப்பில் ஏற்றிய உணவைச் சூடாகச் சாப்பிடத் தடையில்லை. அதனால் யூதர்கள் வாழ்ந்த பல நாடுகளில் இப்படி ராத்திரி முழுக்க வேகும் சாப்பாடு ஒன்று பிறந்தது. கிழக்கு ஐரோப்பாவில் பீன்ஸ், பார்லி, இறைச்சி சேர்த்த சோலெந்த். ஜஹ்னூன் ஏமன் யூதர்களுடையது. 1949-50இல் அவர்களில் சுமார் 49,000 பேரை ஏடனிலிருந்து விமானங்களில் இஸ்ரேலுக்கு அழைத்துவந்தார்கள். ரெஹோவோத்தின் ஷஆராயிம் பகுதியில் அதற்கு வெகுகாலம் முன்பே ஏமன் குடும்பங்கள் இருந்தன.

இன்று மதப்பற்று இல்லாதவர்களும் சனி காலையில் இதைத் தேடிச் சாப்பிடுகிறார்கள். உறைய வைத்த பாக்கெட் எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கிறது. பரவாயில்லை என்றுதான் சொல்வேன். வீட்டில் இழுத்த மாவின் ருசியே தனி.

எங்கள் கட்டிடத்தில் ஒரு ஏமன் பாட்டி இருக்கிறார். எல்லோரும் சவ்தா (எபிரேய மொழியில் பாட்டி) என்றுதான் கூப்பிடுவோம். அவர் வீட்டில் ஹில்பே என்று ஒன்று தந்தார். வாயில் வைத்ததும் வெந்தயம்! ஊறவைத்து அரைத்து, நுரை பொங்க அடித்திருந்தார். நாங்களும் இட்லி மாவுக்கு வெந்தயம் ஊறவைப்போம் என்றேன். உடனே பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு, எவ்வளவு நேரம், எந்த அளவு என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டுச் சமையலறைக்குள் எனக்கு உரிமை உண்டு.

புதிதாக வருகிறவர்கள் வெள்ளி மதியத்துக்குள் பால், காய்கறி வாங்கி வைத்துவிடுங்கள். சனி காலை யாராவது ஜஹ்னூன் சாப்பிடக் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். காரம் சாப்பிடுவேன் என்று சொல்லிவிட்டால் இன்னொரு கரண்டி ஸ்ஹூக் தட்டில் விழும்.