தட்டில் விழாத வட்டம்

காலை ஏழரைக்கு இன்குபேட்டரைத் திறந்ததும் முதலில் முகத்தில் அடிப்பது வாடைதான். சூடோமோனாஸ் என்ற கிருமி வளர்ந்திருந்தால் தட்டைப் பார்க்கவே வேண்டாம், திராட்சைப்பழ வாசமே காட்டிக்கொடுத்துவிடும். கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தின் பாக்டீரியா பிரிவில் 19 வருடமாக என் நாள் இப்படித்தான் தொடங்குகிறது.

என்ன வேலை என்று கேட்பவர்களிடம் வட்டம் அளக்கிறேன் என்பேன். நோயாளியின் சீழிலிருந்து பிரித்த கிருமியை அகார் தட்டு முழுக்கப் பூசி, மேலே 6 மி.மீ. அகலக் காகித வில்லைகளை வைப்போம். வில்லைக்கு ஒரு ஆன்டிபயாடிக். 35 டிகிரியில் ஓர் இரவு இருந்தால், மருந்து எடுபடும் இடத்தில் கிருமி வளராமல் வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம் விழும். புண்ணில் சீழ்வைக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸுக்குச் செஃபாக்சிட்டின் என்ற மருந்தின் வட்டம் 21 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு என்றால் அது எம்.ஆர்.எஸ்.ஏ., அதாவது மெத்திசிலினுக்கு மசியாத வகை. பென்சிலின் குடும்பத்து மருந்துகள் அநேகமாக எதுவும் அதனிடம் பலிக்காது. அந்தக் குடும்பத்து மெத்திசிலின் 1959-இல் வந்தது. 1961-லேயே பிரிட்டனில் அதற்கு மசியாத கிருமி அகப்பட்டுவிட்டது.

சென்ற வருடம் என் அத்தையின் பெயர் ஒட்டிய தட்டு ஒன்று வந்தது. செந்தூலில் இருக்கிறார், சர்க்கரை நோயாளி. செருப்புக் கடித்த சின்னப் புண். முதல் வாரம் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டியிருக்கிறார். அடுத்த வாரம் ஒரு கிளினிக்கில் நாளுக்கு மூன்று வீதம் 21 மாத்திரை கொடுத்தார்கள். வலி குறைந்ததும் மூன்றாம் நாள் காலையில் நிறுத்திவிட்டார். சொன்ன நாள் வரைக்கும் சாப்பிடுங்கள் என்று அங்கே யாரும் அழுத்திச் சொல்லவில்லையாம். அப்புறம் வலி திரும்பியபோது மிச்சத்திலிருந்து இரண்டு போட்டுக்கொண்டார். அதனால்தான் இந்தக் கிருமி வந்தது என்று நான் சொல்லமாட்டேன், ஒரு தட்டு அவ்வளவு கதை சொல்லாது. ஆனால் செஃபாக்சிட்டின் வில்லையின் விளிம்புவரை வெளிறிய பொன்னிறத்தில் கிருமி நெருங்கி வளர்ந்திருந்தது. ஸ்கேல் வைத்து அளக்க அங்கே எதுவும் இல்லை. தட்டைப் பக்கத்து மேசைத் தோழியிடம் கொடுத்து, நீயே வாசித்து எழுது என்றேன்.

நரம்பில் வான்கோமைசின் ஏற்றினார்கள். இடது கால் சுண்டுவிரலை எடுக்கவேண்டியதாயிற்று. வார்டில் போய்ப் பார்த்தபோது அத்தை கேட்டார்: "ஏம்மா, இத்தனை மருந்த வச்சுப் பாக்குறீங்களே, நம்ம மஞ்சள அந்தத் தட்டுல ஒரு தடவயாச்சும் வச்சுப் பாத்தியா?"

பார்த்திருக்கிறேன். இந்த வேலைக்கு வருமுன் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருடம் உதவியாளராக இருந்தேன். மஞ்சள், வெற்றிலை, நிலவேம்பு எல்லாவற்றையும் உலர்த்தி, பொடித்து, எத்தனாலில் ஊறவைத்து வடிப்பதுதான் வேலை. முதல் தடவையே வெற்றிலைக்குப் பெரிய வட்டம் விழுந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "வெறும் எத்தனால் வில்லை எங்கே?" என்று கேட்டார் மேற்பார்வையாளர். நான் வைத்திருக்கவில்லை. மறுபடி செய்தபோது அதைச் சுற்றியும் வட்டம். வில்லைகளைச் சரியாக உலரவிடாமல் வைத்திருக்கிறேன், மிச்சமிருந்த எத்தனாலே கிருமியைத் தடுத்திருக்கிறது. உலர்த்தி வைத்ததும் வெற்றிலையின் வட்டம் சுருங்கியது, மறையவில்லை. மஞ்சளுக்கு வட்டமே கிடையாது, வில்லையோரம் ஒரு மஞ்சள் கறை மட்டும். மஞ்சளில் உள்ள குர்குமின் நீரில் கரையாத பொருள், ஈர அகாருக்குள் அது நகர்வதே இல்லை. விழுங்கினாலும் இரத்தத்துக்குப் போய்ச் சேருவது மிகச் சொற்பம்.

வட்டம் விழாதவற்றை நோட்டில் 'இல்லை' என்று எழுதி ஒதுக்கிவிடுவோம். அப்படி ஒதுக்கியது சரிதானா என்ற சந்தேகத்தை எனக்குள் போட்டது, 2000-இல் அமெரிக்காவில் ஸ்டெர்மிட்ஸ், கிம் லூயிஸ் குழுவினர் வெளியிட்ட ஓர் ஆய்வு. மரமஞ்சள் இனச் செடிகளில் பெர்பெரின் இருக்கிறது. அது கிருமியைக் கொல்லக்கூடியது. ஆனால் ஸ்டாஃபிலோகாக்கஸிடம் நார்-ஏ என்றொரு பம்ப் உண்டு. திடீர் வெள்ளத்தில் வீட்டுக்குள் ஏறும் தண்ணீரை நாம் வாளி வாளியாக அள்ளி வெளியே ஊற்றுவோமே, அதுபோல் உள்ளே வரும் பெர்பெரினை அது வெளியே தள்ளிவிடும். அதே செடிகளில் சில, அந்தப் பம்பை அடைக்கும் இன்னொரு பொருளையும் செய்கின்றன. மெத்தாக்சிஹைட்னோகார்பின் என்று பெயர். தனியாக வைத்தால் அது எந்தக் கிருமியையும் கொல்லாது. பெர்பெரினோடு சேர்ந்தால் கிருமி தாங்காது.

எங்கள் தட்டில் வைத்திருந்தால் அதற்கும் 'இல்லை' என்றுதான் எழுதியிருப்பேன். சித்த மருந்தைக் குழைத்துக் கொடுக்கும் தேன், நெய் போன்ற துணைப்பொருளை அனுபானம் என்பார்கள். பம்பைப் பற்றி நம் முன்னோர் அறிந்திருந்தார்கள் என்று இழுத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் அந்த ஆய்வைப் படித்தபோது என் மனதில் வந்த சொல் அனுபானம்தான். செடியிடம் "நீ கொல்வாயா?" என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். எந்த மருந்துக்குத் துணைபோவாய் என்றும் கேட்டிருக்க வேண்டும். ஆய்வில் கிடைத்த அந்தப் பதில் மாத்திரையாக இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

மெத்தாக்சிஹைட்னோகார்பின் அந்த ஆய்வுக்கும் முன்பே நீரடிமுத்து எண்ணெயில் காணப்பட்ட ஒன்று. சல்ஃபோன் மருந்துகள் வரும்வரை தொழுநோய்க்கு அந்த எண்ணெயைத்தான் ஊசியாகப் போட்டார்கள். கோலாலம்பூருக்குப் பக்கத்தில் 1930-இல் தொடங்கிய சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்புக்கு இன்று நாம் பூச்செடி வாங்கத்தான் போகிறோம். டாப்சோன் என்ற சல்ஃபோன் மருந்துக்கு மசியாத தொழுநோய்க் கிருமி உண்டு என்பதை 1964-இல் ஆய்வாளர்கள் பெட்டிட்டும் ரீஸும் உலகுக்கு முதலில் நிரூபித்தது அங்கிருந்த நோயாளிகளை வைத்துத்தான். எலியின் பாதத்தில் கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள். 1981-இல் உலக சுகாதார நிறுவனம் ஒற்றை மருந்தை விட்டுக் கூட்டு மருந்துக்கு மாறச் சொன்னது.

காயம் ஆறியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையை அங்கே கூட்டிப்போனேன். நர்சரியில் ஒரு வெற்றிலைக் கொடி வாங்கினார். எத்தனாலையும் பம்பையும் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ மஞ்சளு வேணாமா?" என்றார். குழம்புக்குப் போடுங்கள், திறந்த புண்ணில் வேண்டாம், புண் வந்தால் அன்றைக்கே என்னைக் கூப்பிடுங்கள் என்றேன். காரில் ஏறியதும் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தார். கிளினிக் மாத்திரை. எண்ணிப் பார்த்தேன், 13 இருந்தது. மறுநாள் வேலைக்குப் போகும்போது ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கொடுத்தேன்.