மாடு எங்கே?

ஜனவரி 17, கும்பகோணம்

பொங்கல் முடிந்தும் சென்னைக்குத் திரும்பவில்லை. அலுவலகத்தில் கெஞ்சிக் கூத்தாடி இன்னும் ஒரு வாரம் லீவு வாங்கியாயிற்று. "நாளைக்குத் தஞ்சாவூர் போகலாமா அத்தை?" என்றேன். "நான் பாக்காத தஞ்சாவூரா?" என்றார். தோண்டித் துருவிக் கேட்டதில், பெரிய கோயிலுக்குக் கடைசியாகப் போனது என் அண்ணன் காதுகுத்துக்கு. அண்ணனுக்கு இப்போது நாற்பத்தொன்று. அரண்மனைக்குள் காலே வைத்ததில்லை.

ஜனவரி 18, தஞ்சாவூர்

வழியெல்லாம் சம்பா அறுவடை. பாதி ரோட்டில் நெல் காய்கிறது, மீதிப் பாதியில் பஸ் போகிறது.

அரண்மனைக் கலைக்கூட வாசலில் அத்தை செருப்பைக் கழற்றிவிட்டார். "போட்டுக்கிட்டே வரலாம்மா" என்றார் காவலாளி. "உள்ள சாமி இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தார். நானும் கழற்ற வேண்டியதாகிவிட்டது. தரை சில்லென்றிருந்தது.

செப்புத் திருமேனிகளைப் பார்த்ததும் அவருடைய முதல் கேள்வி, "சாமிக்கு ஏண்டி வேட்டி கட்டலை?" சிரிப்பு வந்தாலும் நியாயமான கேள்வி. கோயிலில் பட்டும் மாலையும் போக முகம் மட்டும்தானே தெரியும்? இடுப்பின் வளைவு, முழங்கால், முதுகில் விழும் சடை எல்லாம் இங்கே வந்தால்தான். ஒரு பார்வதிக்குப் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, "முதுகுக்கும் எவ்வளவு வேலை செஞ்சிருக்கான் பாரு, யாருமே பாக்கமாட்டாங்கன்னு தெரிஞ்சும்" என்றார்.

திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர், அதாவது மாட்டின் மேல் சாய்ந்து நிற்கும் சிவன், முன்னால் ரொம்ப நேரம் நின்றோம். 1011-இல் செய்துவைத்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. அம்மன் அடுத்த வருஷம் வந்து சேர்ந்திருக்கிறாள். பின்னால் மண்ணுக்கடியில் போய், நம் காலத்தில் கிடைத்தவர்கள். பாம்பைச் சுற்றித் தலைப்பாகை மாதிரி முடிந்த சடை, ஒரு காலுக்குக் குறுக்கே இன்னொரு கால், மாட்டின் மேல் சாய்த்த கை. அந்தக் கைக்குக் கீழே மாடு இல்லை. விரல்கள் மட்டும் அதன் முதுகு இருக்க வேண்டிய இடத்தில் தளர்ந்து கிடக்கின்றன. எங்கள் தெருவில் சாயங்காலம் மாட்டை ஓட்டிவந்து நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருப்பவர்கள் இப்படித்தான் நிற்பார்கள்.

"மாடு எங்கே?"

"கிடைக்கலை அத்தை."

"அப்போ எது மேல சாஞ்சு நிக்கிறாரு?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சரஸ்வதி மகால் நூலகத்தில் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியின் ஆர்வத்தில் தொகுக்கப்பட்ட கண் நோயாளிகளின் குறிப்புகள் உண்டு, வரைந்த கண்களோடு. அத்தைக்குக் கண்புரை அறுவை நடந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம் என்றுவிட்டார். சரி.

அதே நாள், மாலை

பெரிய கோயில். விமானத்தின் மேல்தளத்தில் கருவறையைச் சுற்றிக் கரணங்களின், அதாவது நடன நிலைகளின், சிற்பங்கள் இருக்கின்றன, பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. புகைப்படங்களில்தான் பார்க்க முடிந்தது. 108 கரணங்களில் 81 செதுக்கியிருக்கிறார்கள். ஆடுவது நான்கு கைகளோடு சிவனே. மீதி 27-க்குக் கல் வைத்து இடம் விட்டிருக்கிறது, உருவம் இல்லை. 1010-இல் கலசம் ஏறிய கோயிலில் இது மட்டும் ஏன் நின்றுபோனது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது வெளிச்சுவர்க் கல்வெட்டு. ராஜராஜன் கோயிலைச் சுற்றிக் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடும் பெண்களின், பட்டியல் அது. ஒவ்வொருத்தியும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு என்று முகவரி மாதிரி வெட்டியிருக்கிறது. திருவாரூர்க்காரிகள் நிறைய. ஆளுக்கு ஒரு பங்கு, வருஷத்துக்கு 100 கலம் நெல், ஆடவல்லான் என்ற மரக்காலால் அளந்து. மரக்காலுக்கே ஆடுகிறவன் பெயர்! "அட்ரஸ் இருக்கு, வீடு இருக்கா?" என்றார் அத்தை. தெருவே இல்லை.

ஜனவரி 19

அத்தைக்கு முழங்கால் வலி. எங்கும் போகவில்லை. எள்ளுப்பொடியும் இட்லியும்.

ஜனவரி 21, நரசிங்கம்பேட்டை

மயிலாடுதுறை போகும் சாலையில், ஆடுதுறைக்குப் பக்கம். 2022-இல் இந்த ஊர் நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குள் அதற்கான ஆரவாரம் ஒன்றுமில்லை. ஒரு கொட்டகை, கடைசல் இயந்திரம், கால் வைத்த இடமெல்லாம் மரத்தூள்.

மரம் ஆச்சா. புதுமரம் ஆகாது, வெடித்துவிடும், ஒலியும் சரியாக வராது. பழைய வீடுகளை இடிக்கும்போது வரும் உத்தரம், தூண், நிலை இவற்றைத்தான் வாங்குகிறார்கள். எழுபது எண்பது வருஷம் ஒரு வீட்டைத் தாங்கி, ஈரமெல்லாம் போய்க் காய்ந்த மரம். அதை அறுத்து, கடைந்து, நடுவே துளை போட்டால் உலவு என்கிற குழல். கீழே அகன்று விரிவது அணசு. மேலே கெண்டை என்ற சிறு உலோகக் குழாய், அதன்மேல் வாய் வைத்து ஊதும் சீவாளி. வாசிக்க ஏழு துளை; கீழே இருப்பவற்றில் மெழுகு அடைத்துச் சுருதியைச் சரிசெய்வார்கள்.

முன்பு திமிரி என்ற குட்டை நாயனம்தான். அதில் சுத்த மத்யமம் என்ற ஸ்வரம் சரியாக விழாது என்ற குறை இருந்தது. பக்கத்து ஊரான திருவாவடுதுறையின் நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை விடாமல் கேட்க, இவ்வூர் ரங்கநாத ஆசாரி நீளமான பாரி நாயனத்தைச் செய்துகொடுத்தார். இன்று கல்யாணத்தில் கேட்பது அதைத்தான்.

தச்சர் ஒரு துண்டைச் சீவிக் காட்டினார். மேலே கறுத்துப் புகை படிந்திருந்தது, அடுக்களை உத்தரமாக இருந்திருக்க வேண்டும். ஒரே இழைப்பில் உள்ளே செம்பழுப்பு. அத்தை அதை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"எங்க வீட்டு உத்தரமும் ஆச்சாதான்" என்றார். ஊர் வீட்டை இடித்து ஐந்து வருஷமாகிறது. மரத்தையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு போன வியாபாரி யார், எந்த ஊர் என்று எங்களில் யாருக்கும் ஞாபகமில்லை. "இங்கே வந்திருக்குமா தம்பி?"

"வந்திருக்கலாம்மா. இப்போ எங்கேயோ முகூர்த்தத்துக்கு வாசிச்சுக்கிட்டிருக்கும்" என்றார் அவர். நன்றாகப் பேசத் தெரிந்த மனிதர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை ஒன்றும் பேசவில்லை. சீவல் ஒன்றை முந்தானையில் முடிந்துவைத்திருந்ததை வீட்டில்தான் பார்த்தேன்.

ஜனவரி 22, கும்பகோணம்

நாளை ரயில். பூ வாங்க சார்ங்கபாணி கோயில் பக்கம் போனோம். இந்தக் கிழக்குக் கோபுரத்தின் கீழ்ப்பகுதியிலும் கரணச் சிற்பங்கள் உண்டு என்று சொன்னேன். நாற்பது வருஷமாக அதன் கீழேதான் பூ வாங்குகிறார், நிமிர்ந்து பார்த்ததில்லையாம். புதுக் கண்ணால் இடுக்கிப் பார்த்து விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். பதினொன்றில் தப்பிப்போய், முதலிலிருந்து மறுபடியும்.

பூக்காரம்மா முழம் போட்டு நறுக்கியபடியே கேட்டார்: "என்னக்கா மேல பாக்குறீங்க, குரங்கா?"

"இரு, எண்ண விடு" என்றார் அத்தை.