கையை மட்டும் பார்க்கிற கேம்

2025 ஜூன் 3, செவ்வாய்

மாலை ஆறரை மணிக்கும் வெளியே அனல் அடங்கவில்லை. சென்னையில் எங்கள் தெரு நடைபாதையில் பைக்குகள்தான் நிற்கின்றன, அதனால் நான் வாக்கிங் போவது பேச்சோடு சரி. லீவுக்கு வந்திருந்த அண்ணன் பையன் தன் பழைய நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் மெஷினை மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான், கூடவே ஜஸ்ட் டான்ஸ் 2022 என்ற ஆட்டக் கேமும். டிவியில் ஒரு உருவம் ஆடும், ஜாய்-கான் என்கிற குட்டி ரிமோட்டை வலது கையில் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் பார்ப்பது மாதிரி அதைப் பார்த்து நாம் ஆட வேண்டும், அடுத்து வரும் அசைவு கீழே குட்டிப் படமாக நகர்ந்து வரும். அவ்வளவுதான். இரண்டு பாட்டு முடிவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. மகளுக்கு நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லை, ஆனால் அவள்தான் ஜெயித்தாள்.

ஜூன் 5, வியாழன்

ரகசியம் தெரிந்துவிட்டது. கழுதை, சோபாவில் சாய்ந்துகொண்டு மணிக்கட்டை மட்டும் ஆட்டுகிறாள், அதற்கே ஐந்து நட்சத்திரம்! ஜாய்-கானில் இருக்கிற சென்சாருக்கு அந்தக் கை எந்தப் பக்கம், என்ன வேகத்தில் போகிறது என்பது மட்டும்தான் தெரியும். இடது கை, இடுப்பு, கால் எதையும் பார்க்காது. 2009-ல் நின்டெண்டோவின் பழைய மெஷினான வீ-யில் வந்த முதல் ஜஸ்ட் டான்ஸிலேயே இதே ஏற்பாடுதான். முழு உடம்பையும் கேமராவால் பார்த்த ஒன்று இருந்தது, 2010-ல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கேம் மெஷினுக்கு வந்த கினெக்ட், அதற்கென்றே டான்ஸ் சென்ட்ரல் என்று ஒரு கேம். கினெக்ட் தயாரிப்பை 2017-ல் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான்.

ஆக, ஸ்கோருக்கு ஆடினால் கை வலிக்கும், உடம்பு அசையாது. இனிமேல் ஸ்கோரைப் பார்ப்பதாக இல்லை. திரையில் இருக்கிற ஆள் குனிந்தால் குனிகிறேன், முட்டியை மடக்கினால் மடக்குகிறேன், புள்ளி வந்தால் வரட்டும்.

ஜூன் 8, ஞாயிறு

அத்தைக்கு முட்டி வலி, அதிக நேரம் நிற்க முடியாது. "எனக்கும் ஒண்ணு குடுடி" என்றார். நாற்காலியில் உட்கார வைத்து, ஜாய்-கானின் வாரை மணிக்கட்டில் மாட்டிவிட்டேன் (இதை மாட்டாமல் ஆடி டிவியை உடைத்தவர்கள் உலகம் முழுக்க உண்டு). மெதுவான பாட்டாக எடுத்தோம். வியாழனன்று நான் குறை சொன்ன அதே விஷயம் இவருக்கு வசதியாகப் போயிற்று, உட்கார்ந்தபடி கையைத் தோள் வரை தூக்கி வீசி என்னைவிடக் கூடுதலாகப் புள்ளி எடுத்துவிட்டார். "காலை ஆட்டாம ஆடுறது ஒரு ஆட்டமா" என்று என் மாமனார் பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டார். அவர் எதையும் ஆட்டவில்லை என்பதை யாரும் சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

காலைப் பார்க்கிற கேமும் இருக்கிறது. கோனாமி என்ற கேம் கம்பெனி 1998-ல் ஜப்பானில் இறக்கிய டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்: நான்கு அம்புக்குறி, திரையில் அம்பு மேலே ஏறி, அங்கே நிற்கிற அம்பு வடிவத்தோடு பொருந்தும்போது தரையில் அதே அம்பை மிதிக்க வேண்டும். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலம் 2006-ல் இதைத் தன் அரசுப் பள்ளிகளுக்கெல்லாம் கொண்டுபோவதாக அறிவித்தது, குண்டாகிற பிள்ளைகளை ஆட வைக்கத்தான். அதே மாதிரியில் ஸ்டெப்மேனியா என்று ஒன்று லேப்டாப்பில் இலவசமாகக் கிடைக்கிறது, அம்புக்குறி போட்ட, மடக்கி வைக்கிற யுஎஸ்பி மேட் மட்டும் வாங்கினேன்.

இது வேறு ஜாதி. இங்கே கை சும்மா தொங்கலாம், ஆனால் காலை ஏமாற்ற முடியாது. எளிதான லெவலிலேயே மூச்சு வாங்கியது. எங்கள் வீட்டு மொசைக் தரையில் மேட் வழுக்கிக்கொண்டே போகிறது, அடியில் ரப்பர் விரிப்பு போட்ட பிறகுதான் நின்றது. குதிக்காமல், முட்டியை லேசாக மடக்கி, முன்பாதத்தால் தட்டினாலே மேட் எடுத்துக்கொள்கிறது. மகள் பரதம் கற்றவள், அரைமண்டியில் உட்கார்ந்து மிதித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு எங்க டீச்சரே தேவலாம்மா" என்று போய்விட்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

ஜஸ்ட் டான்ஸில் ஸ்வெட் மோட் போட்டால் கலோரிக் கணக்கு ஓடும். மணிக்கட்டை மட்டும் பார்க்கிற மெஷின் சொல்லும் கலோரியை நம்பி நான் ஒரு வடைகூடக் கூடுதலாகத் தின்னமாட்டேன். அதைவிடப் பேச்சை வைத்துப் பார்ப்பது மேல்: ஆடும்போது பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான உடற்பயிற்சி. நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் கடுமையானது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான பயிற்சி வேண்டும் என்கிறது. ஒரு பாட்டு மூன்று, நாலு நிமிடம்தான், ஆனால் நடுவில் அடுத்த பாட்டு எது என்று மகளும் நானும் போடுகிற சண்டையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கீழ்வீட்டு மாமி மேலே வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "சாயங்காலம் ஆடுங்கோ, மத்தியானம் ரெண்டு மணிக்கு வேண்டாம், அவர் தூங்குவார்" என்று மட்டும் சொன்னார். அப்புறம் மேட்டைப் பார்த்து, என்ன விலை என்று கேட்டார். சரி, மாலை ஆறிலிருந்து ஏழுக்குள் என்று முடிவாகியிருக்கிறது, நாளைக்கு அவர் பேரனும் வருகிறான்.