மூன்று மாசம் கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்

மாசி கடைசியில் ஆரம்பித்தது. விடியக்காலை 3 மணி வாக்கில் வலது கெண்டைக்கால் குரக்களி இழுக்கும். தோலுக்கடியில் எலுமிச்சம்பழம் உருண்டு நிற்கிற மாதிரி சதை இறுகிக் கிடக்கும். இரண்டு நிமிஷத்தில் விட்டுவிடும். ஆனால் காலையில் கால் ஊன்றும்போது அடிபட்ட வலி இருக்கும்.

சோமனூர்ப் பக்கம் ஒரு தறிக்குடோனில் 12 மணி நேர ஷிப்ட் எனக்கு. நிற்கிற வேலை, இழுக்கத்தான் செய்யும் என்று நினைத்தேன். வீட்டுக்காரி விளக்கெண்ணெய் சுட வைத்துத் தேய்த்துவிடுவாள். "வாயுவா இருக்கும், பூண்டு தின்னு கண்ணு" என்றார் மாமனார். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் கால் வலி என்றதும் ஊசி போட்டு, வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சித்திரையில் நிலைமை மாறியது. இடது காலிலும் இழுத்தது, அப்புறம் தொடை. ஒரு நாள் மத்தியானம் அறுந்த பாவு இழையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிப் பூட்டிக்கொண்டது. இடது கையால் பிடித்து விரித்தால் திரும்ப மடங்குகிறது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டு மாடிப்படி ஏறவே முட்டியில் கை ஊன்ற வேண்டியிருந்தது. வலி பழகிப் போயிருந்தது, பலம் குறைந்ததுதான் பயமாக இருந்தது. "ஏனுங்க, இதுக்கு மேலயும் எண்ணெய் தேய்ச்சுட்டு உக்காந்திருக்க முடியாதுங்க" என்று அவள் சொன்ன மறுநாளே கோயமுத்தூரில் ஒரு பொது மருத்துவரைப் பார்க்கப் போனோம்.

போகும்போது அவள் இரண்டு பொருள் எடுத்து வந்தாள். ஒன்று, சமையல்கட்டில் மாட்டியிருந்த மாதக் காலண்டர். இழுத்த நாளிலெல்லாம் பேனாவில் கோடு போட்டு, எந்த இடம், எத்தனை மணி என்று எழுதி வைத்திருந்தாள். ஏப்ரல் தாளில் மட்டும் 19 கோடு. இன்னொன்று, நான் தின்கிற பிரஷர் மாத்திரையின் காலி அட்டை.

டாக்டரம்மா காலண்டரை நிதானமாகப் படித்தார். அட்டையைத் திருப்பிப் பார்த்ததும், "எத்தனை வருஷமா சாப்பிடறீங்க? நடுவுல ரத்தம் டெஸ்ட் பண்ணுனீங்களா?" என்றார். 2 வருஷமாக அந்த அட்டையைக் காட்டியே மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மாத்திரையில் இரண்டு மருந்து, அதில் ஒன்று உடம்பு நீரைச் சிறுநீராக வெளியேற்றுகிற ஹைட்ரோகுளோரோதயசைடு. நீரோடு சேர்ந்து பொட்டாசியமும் மெக்னீசியமும் போய்விடுமாம். அதன் மேல் சிமெண்ட் அட்டைக் கூரைக்கடியில் வேர்த்துக் கொட்டுகிறது. தறியை விட்டு நகர முடியாது என்று தண்ணீரும் அளந்துதான் குடிப்பேன்.

ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், கிரியாட்டினின், சர்க்கரை, தைராய்டு, சதை சேதத்தைக் காட்டுகிற சிகே எல்லாம் பார்த்தார்கள். பொட்டாசியம் 3.0 இருந்தது. 3.5க்குக் கீழே போனாலே குறைவு. இது இதயத் துடிப்பையும் கெடுக்கும் என்று உடனே ஈசிஜி எடுத்தார்கள், நல்லவேளை சரியாக இருந்தது. பிரஷர் மாத்திரையை மாற்றி, பொட்டாசியம் சிரப்பைத் தண்ணீரில் கலந்து குடிக்கச் சொன்னார். நாக்கு கூசுகிற உப்புக் கரிப்பு. "நீங்களா பிரஷர் மாத்திரைய நிறுத்திராதீங்க, சிரப்பையும் யாருக்கும் குடுத்துராதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார். கிட்னி கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் ஏறினால் அது வேறு ஆபத்து, அவர்கள் இளநீரைக்கூட டாக்டரைக் கேட்டுத்தான் குடிக்க வேண்டும்.

எப்போதாவது ராத்திரியில் இழுத்து, நீவிவிட்டால் அடங்குவதற்கெல்லாம் ஓடி வர வேண்டாம் என்றார். அடிக்கடி வந்து தூக்கத்தைக் கெடுத்தாலோ, கை கால் மரத்தாலோ, பலம் குறைந்தாலோ, சதை மெலிந்தாலோ தள்ளிப்போடக் கூடாது. கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலித்து, நின்றால் விட்டு, திரும்ப நடந்தால் வலித்தால் ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, சூடாக இருந்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், அதைத் தேய்க்காமல் அன்றைக்கே போக வேண்டும். அதோடு மூச்சும் வாங்கினால் 108தான். கடும் வேலைக்குப் பிறகு சதை வலியோடு சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலும், காயம்பட்ட சில நாளில் தாடை இறுகினாலும் நேரே ஆஸ்பத்திரிக்கு. எங்கள் குடோனில் துருப்பிடித்த இரும்பு கிழிக்காத கையே இல்லை, அதனால் கடைசியாகச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது.

இழுக்கும்போது என்ன செய்வது என்றும் காட்டிக் கொடுத்தார். முட்டியை நேராக நீட்டி, கால்விரல்களை நம் பக்கமாக மெதுவாக இழுத்துப் பிடிக்க வேண்டும். நான் இத்தனை நாளும் காலை மடக்கி வைத்துக்கொண்டு பிசைந்திருக்கிறேன்.

ஒரு வாரத்தில் பொட்டாசியம் 3.7 ஆனது, படியும் ஏற முடிந்தது. இப்போது தறிப்பக்கம் தண்ணீர் பாட்டில் இருக்கிறது. ஒதுங்கப் போனால் பக்கத்துத் தறிக்கார அண்ணன் என் தறியையும் பார்த்துக்கொள்கிறார். ஜூன் தாளில் 2 கோடுதான். ஆடி 18 முடிந்து மறுபடி ரத்தம் கொடுக்கப் போக வேண்டும், காலண்டரில் அந்தத் தேதியை அவள் இப்போதே வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.